திருட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? ஊட்டி ரிசப்ஷனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு லாட்ஜில், காட்டேஜில், ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். ரூம் காட்டுவது, அடையாள அட்டை வாங்கிப் பதிவது, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது, இதற்கெல்லாம் வேண்டிய ஆங்கிலம் சீக்கிரமே நாக்கில் ஏறிவிடும். திணறுவது ஒரு பொருள் காணாமல் போகும்போதுதான். பெங்களூர்க்காரரோ கொல்கத்தாக்காரரோ வெளிநாட்டவரோ, பலரிடம் நமக்குப் பொதுவாக இருப்பது ஆங்கிலம் மட்டுமே. அவர் பதறிப்போய் வேகமாகப் பேசுவார். நாமும் பதறி, வாயில் வந்த சொல்லைப் போட்டுவிடுவோம். அந்தச் சொல் ‘ஸ்டோலன்’ ஆக இருந்துவிட்டால், பொருள் எங்கே என்று தேடிப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கட்டடத்தில் திருடன் இருக்கிறான் என்று நாமே சொன்னதாகிவிடும். அடுத்த நிமிடம் எல்லாக் கண்ணும் ரூம் பாய் மேல் போகும்.

அதனால் எந்தக் கட்டத்தில் எந்தச் சொல் என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதல் ஐந்து நிமிடம்

விருந்தினர் என்ன சொல்லைப் போட்டாலும் போடட்டும். ‘ஸ்டோலன்’ என்பார், ‘ராப்டு’ என்பார், சிலர் ‘யுவர் பீப்பிள்’ என்றே ஆரம்பிப்பார்கள். நீங்கள் பதிலுக்குப் போட வேண்டிய சொல் ஒன்றே ஒன்று: ‘மிஸ்ஸிங்’. பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. யாரையும் கைகாட்டாது, விருந்தினரைப் பொய்யர் என்றும் ஆக்காது. ‘ஐ ஆம் சாரி டு ஹியர் தட்’ என்று தொடங்கலாம். இந்த ‘சாரி’ குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, ‘அடடா, அப்படியா’ என்கிற அளவுக்குத்தான் அர்த்தம். ‘சாரி ஃபார் தி தெஃப்ட்’ என்றால்தான் வம்பு.

அடுத்து, ‘வென் டிட் யூ லாஸ்ட் சீ இட்?’ கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற கேள்வி. இதில் வரும் ‘கடைசியாக’ என்பதற்கான சொல்லும், ‘தொலைந்தது’ என்பதற்கான சொல்லும் நம் வாயில் ஒரே ‘லாஸ்ட்’ ஆகத்தான் வருகின்றன. முதலாவதை வாயை நன்றாகத் திறந்து ‘லா’ என்று நீட்டுங்கள். இரண்டாவதை உதட்டைக் குவித்து, ஏறக்குறைய ‘லொஸ்ட்’ என்று குறுக்குங்கள். இல்லாவிட்டால் வெளிநாட்டவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ‘பார்டன்?’ என்பார், அதற்குள் மானேஜரே வந்துவிடுவார்.

அவர் பதில் சொல்லும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று காது கொடுங்கள். ‘மிஸ்ப்ளேஸ்டு’ என்றால் எங்கேயோ வைத்தார், எங்கே என்று மறந்துவிட்டார். ‘லெஃப்ட் இட் இன் தி டாக்ஸி’ என்றால் டாக்ஸியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். நாம் இதற்கு ‘ஃபர்காட்’ என்போம். ஆனால் இடத்தைச் சேர்த்துச் சொல்லும்போது ‘லெஃப்ட்’ என்பதுதான் ஆங்கிலத்துக்கு இயல்பு. மலை ரயிலில் விட்டுவிட்டார் என்றால் போலீஸ் வரைக்கும் போகும் முன் 139-க்கு அழைத்து ரயில்வேயிடம் சொல்லிவிடலாம்.

அப்புறம் தேடுங்கள், விருந்தினரோடு சேர்ந்தே. ‘ஷல் வீ லுக் ஃபார் இட் டுகெதர்?’ என்று கேட்டுவிட்டு, அவர் கண் முன்னால். குளிர் ஊரில் பொருள் தொலைவதற்கென்று சில இடங்கள் உண்டு. கீழ்நாட்டில் ஒரு சட்டையோடு திரிகிறவர் இங்கே ஸ்வெட்டர், அதன் மேல் ஜெர்கின், அதன் மேல் மழைக் கோட்டு என்று ஏற்றிக்கொள்கிறார். எந்தப் பாக்கெட்டில் எதை வைத்தோம் என்பது அவருக்கே தெரியாது. ஜெர்கினின் உள்பாக்கெட், கம்பளி மடிப்பு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, வாடகைக் காரின் சீட் இடுக்கு, இவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் வேறு பேச்சு.

ஸ்டீல், ராப், தெஃப்ட்

தேடியும் கிடைக்கவில்லை. திருட்டாக இருக்கலாம் என்று விருந்தினரும் நினைக்கிறார், உங்களுக்கும் தோன்றுகிறது. இப்போது அடிப்படைச் சொற்கள் சரியாக வேண்டும். நம் பக்கத்தில் அதிகம் பிழை விடுவது இங்கேதான்.

‘ஸ்டீல்’ என்பது வினை. இறந்தகாலம் ‘ஸ்டோல்’. செயப்பாட்டு வினைக்கு ‘ஸ்டோலன்’. திருடப்படும் பொருள்தான் இந்த வினைக்குச் செயப்படுபொருள்: ‘சம்படி ஸ்டோல் மை பர்ஸ்’. ‘ராப்’ அப்படியில்லை. பொருளை இழந்த ஆளோ இடமோதான் அதற்குச் செயப்படுபொருள்: ‘தே ராப்டு மீ’, ‘தே ராப்டு தி பேங்க்’. இதை மாற்றிப் போடுவதுதான் நம் ஊர்ப் பிழை. ‘மை பர்ஸ் வாஸ் ராப்டு’ என்றால் பர்ஸை யாரோ மிரட்டி அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுபோல் இருக்கும். ‘ஐ வாஸ் ஸ்டோலன்’ என்றால் இன்னும் மோசம், என்னையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆகிவிடும். சரியானவை ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’, ‘ஐ வாஸ் ராப்டு’. ஒரு வாக்கியத்தில் ஆளும் பொருளும் சேர்ந்து வந்தால் ‘ஸ்டீல்’ உடன் ‘ஃப்ரம்’ வரும், ‘ராப்’ உடன் ‘ஆஃப்’ வரும்: ‘ஸ்டோல் மணி ஃப்ரம் ஹிம்’, ‘ராப்டு ஹிம் ஆஃப் ஹிஸ் மணி’.

‘தெஃப்ட்’ என்பது பெயர்ச்சொல், திருட்டு. ‘தே தெஃப்ட் மை பேக்’ என்று சொல்லவே கூடாது. நம்மிடையே ‘தெஃப்ட் பண்ணிட்டாங்க’ என்று பேசுகிறோம் இல்லையா, அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. திருடியவர் ‘தீஃப்’, ஒருவருக்கு மேல் என்றால் ‘தீவ்ஸ்’.

உச்சரிப்பிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ‘ஸ்டீல்’ என்று தனியாகச் சொன்னால் எவர்சில்வர் டம்ளரின் ஸ்டீலும் அதே ஒலிதான், காது பிரித்துப் பார்க்காது. இறந்தகால ‘ஸ்டோல்’ வந்தால் ஊட்டியில் குழப்பம் இரட்டிப்பு, ஏனென்றால் தோளில் போட்டுக்கொள்ளும் மெல்லிய சால்வைக்கும் ஸ்டோல் என்றுதான் பெயர். தோடர் பூத்தையல் போட்ட ஸ்டோல் இங்கே வருகிறவர்கள் ஆசையாக வாங்கிப்போவது. அந்தத் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு அம்மா ரிசப்ஷனில் வந்து ‘ஷீ ஸ்டோல் மை ஸ்டோல்’ என்றால் திணறாதீர்கள், முதல் ஸ்டோல் திருட்டு, இரண்டாவது சால்வை. நீங்கள் பேசும்போது ‘வாஸ் ஸ்டோலன்’ என்ற வடிவத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். அதில் குழப்பமும் இல்லை, திருடியது யார் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. யாரென்று தெரியாதபோது அதுதான் நேர்மையான வாக்கியமும்கூட.

எந்த வகைத் திருட்டு

தமிழில் திருட்டு, வழிப்பறி, கொள்ளை, கையாடல் என்று பிரித்துத்தான் பேசுகிறோம். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் எல்லாவற்றையும் ‘ராபரி’ என்ற ஒரே பெட்டியில் போட்டு அடைக்கிறோம். போலீஸ் வரை போகும்போது இது வெறும் மொழிப் பிழையாக நிற்காது.

யாருக்கும் தெரியாமல் எடுத்துப்போவது ‘தெஃப்ட்’. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 303-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. மனிதர் தங்கும் கட்டடத்துக்குள் நடந்தால் 305, ஏழு ஆண்டு வரை போகும். லாட்ஜ் அறை இதில் வந்துவிடும். வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடினால் 306, அதற்கும் ஏழு ஆண்டு வரை. அடித்தோ, மிரட்டியோ, வழிமறித்தோ எடுத்தால்தான் ‘ராபரி’, நம் வழிப்பறி. அது 309, பத்து ஆண்டு வரை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அதைச் செய்தால் ‘டகாய்ட்டி’. சார்ஜர் காணோம் என்றதற்கு ‘ராபரி’ என்று எழுதிக்கொண்டு போய் நின்றால், யார் அடித்தார்கள், எத்தனை பேர், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்றெல்லாம் ஸ்டேஷனில் கேட்பது நியாயம்தானே.

கூட்டத்தில் நைசாகப் பாக்கெட்டில் கைவிடுவது ‘பிக்பாக்கெட்டிங்’, இதை யாருக்கும் விளக்க வேண்டாம். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் நடக்கக்கூடியது இதுதான். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடுவது ‘ஸ்னாட்சிங்’. பழைய சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவு கிடையாது, புதியதில் 304 என்று சேர்த்திருக்கிறார்கள். பூட்டை உடைத்து உள்ளே புகுந்தால் ஆங்கிலேயர் ‘பர்க்ளரி’ என்பார், நம் சட்டத்தில் ‘ஹவுஸ் பிரேக்கிங்’. எளிதாக ‘சம்படி ப்ரோக் இன்’ என்றாலே போதும். நம்பிக் கொடுத்த பணத்தில் கைவைப்பது ‘எம்பெஸில்மென்ட்’, கையாடல். ரிசப்ஷன் கல்லாவைப் பற்றிய பேச்சில் இந்தச் சொல் வந்தால் உட்காருவதற்கு முன் கதவைச் சாத்திவிடுங்கள்.

‘பில்ஃபர்’ என்று ஒன்று உண்டு. சின்னச் சின்னதாக, கணக்கில் படாமல், அடிக்கடி எடுப்பது. ஸ்டோர் ரூமில் சோப்பும் டீத்தூள் பாக்கெட்டும் குறைந்துகொண்டே வந்தால் மானேஜர் இதைத்தான் ‘பில்ஃபரேஜ்’ என்று நோட்டில் எழுதுவார். ஒரு தடவை போன லேப்டாப்புக்கு இது பொருந்தாது.

குரங்கும் கரடியும்

தொட்டபெட்டாவிலோ சிம்ஸ் பூங்காவிலோ குரங்கு கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு மரம் ஏறிவிட்டால், ‘எ மங்கி ஸ்டோல் மை பேக்’ என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்வார்கள். ‘ஸ்னாட்ச்டு’ என்றால் இன்னும் பொருத்தம். ஆனால் குரங்கு மேல் வழக்கு இல்லை. பைக்குள் அடையாள அட்டை இருந்தால் அதைத் தொலைந்த ஆவணமாகப் பதிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி எண்ணெய் வாசம் பிடித்துக் கடைக் கதவையும் கோயில் கதவையும் உடைப்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ‘எ பேர் ப்ரோக் இன்’ என்று சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டிய இடம் வனத்துறை.

எழுத்தில் கொடுப்பது

புகாரை விருந்தினர் தன் கையாலேயே எழுதட்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எப்படி எழுதுவது என்று உங்களிடம் கேட்டால் மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, கடைசியாகப் பார்த்தது: ‘ஐ லாஸ்ட் சா மை போன் அட் அபவுட் 6 பி.எம். இன் தி ரூம்’. அடுத்தது, இல்லை என்று கவனித்தது: ‘அட் 8 பி.எம். ஐ நோட்டீஸ்டு தட் இட் வாஸ் மிஸ்ஸிங்’. கடைசியில் சந்தேகம்: ‘ஐ பிலீவ் இட் மே ஹேவ் பீன் ஸ்டோலன்’. இந்த ‘மே ஹேவ் பீன்’ மிக முக்கியம். திருடியிருக்கலாம் என்பதற்கும் திருடினார்கள் என்பதற்கும் உள்ள தூரத்தை அது காட்டுகிறது. பொருளின் மாடல், நிறம், மதிப்பு இவற்றையும் எழுதச் சொல்லுங்கள். மதிப்பு ஏன் என்றால், ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டை (303) மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. அதற்காக மதிப்பை ஏற்றி எழுதச் சொல்லாதீர்கள்.

ஸ்டேஷனில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கலாம், வழக்காகப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகல், அது புகார்தாரருக்கு இலவசம். மைசூர் ரோட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும்போதோ பெங்களூர் வீட்டில் பெட்டியைத் திறக்கும்போதோதான் பலர் கவனிப்பார்கள். அங்கிருந்து போன் செய்து ‘மறுபடியும் மலை ஏறி வரணுமா’ என்று கேட்டால், வேண்டாம், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கொடுக்கலாம், அது இங்கே மாற்றிவிடப்படும் என்று சொல்லுங்கள்.

திருட்டு இல்லை, லைசென்ஸோ ஆர்.சி. புத்தகமோ எங்கேயோ தொலைந்தது என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். இங்கே ‘லாஸ்ட்’ என்றும் அங்கே ‘ஸ்டோலன்’ என்றும் இரண்டு விதமாக எழுதி வைத்தால் பிறகு காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார். பாஸ்போர்ட் போன வெளிநாட்டவருக்கு இது இன்னும் கறார். போலீஸ் அறிக்கையை வைத்துத்தான் அவருடைய தூதரகம் அவசரப் பயண ஆவணம் தரும், அதன் பிறகு நாட்டை விட்டுப் போக அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். எல்லாக் காகிதத்திலும் ஒரே சொல் இருக்கட்டும்.

போன் என்றால், தொலைந்த போனை முடக்குவதற்கான அரசுத் தளமான சி.இ.ஐ.ஆரில் முடக்கச் சொல்லுங்கள். அதற்குப் புகார் நகலும், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணும் வேண்டும். போனே கையில் இல்லாதபோது *#06# அடித்துப் பார்க்க முடியாது, வாங்கின பில்லிலோ பெட்டியிலோ அந்த எண் இருக்கும். ஓ.டி.பி. வருவதற்காக அதே நம்பரில் புது சிம் வாங்கிக்கொள்வது நல்லது. போனோடு சேர்ந்து கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

ரூம் பாய் பெயர் வரும்போது

‘யுவர் பாய் டுக் இட்’ என்று விருந்தினர் சொல்லிவிட்டார். இந்த ‘டுக்’ பார்க்க எளிய சொல், எடுத்தான் என்பதுதான். சொல்லும் தொனியில் அது திருட்டு. நீங்கள் பதிலுக்கு ‘ஹி டிட் நாட் ஸ்டீல்’ என்று சண்டைக்குப் போகாதீர்கள், அவர் சொல்லாத சொல்லை நீங்களே கொண்டுவந்து வைத்ததாகும். ‘ஐ வில் ஃபைண்ட் அவுட் ஹூ என்டர்டு தி ரூம் அண்ட் வென்’ என்று மட்டும் சொல்லுங்கள். யார் எப்போது உள்ளே போனார்கள் என்பது தகவல், அதை நோட்டைப் பார்த்துச் சொல்லலாம். பையனின் பையைச் சோதித்துக் காட்டு என்று கேட்டால் அதைச் செய்ய வேண்டியது போலீஸ், ரிசப்ஷன் இல்லை. என் அபிப்பிராயத்தில், இந்த இடத்தில் விருந்தினரைச் சமாதானப்படுத்துவதற்காகப் பையனை எல்லார் முன்னாலும் நிறுத்தும் மானேஜர், பிறகு நல்ல பையன்கள் வேலைக்குக் கிடைக்கவில்லை என்று புலம்ப உரிமை இல்லாதவர்.

காதில் விழும், வாயில் வேண்டாம்

பிரிட்டிஷ்காரர்கள் பேச்சுவழக்கில் திருட்டுக்கு ‘பின்ச்’, ‘நிக்’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘ஸ்வைப்’ என்பதும் உண்டு. நம் ‘ஆட்டையைப் போடுவது’, ‘சுடுவது’ போலத்தான். லாட்ஜில் இவற்றுக்கெல்லாம் வேறு வேலையும் இருப்பதுதான் சிக்கல். சமையலறையில் பின்ச் என்றால் ஒரு சிட்டிகை உப்பு. ரிசப்ஷனில் ஸ்வைப் என்றால் கார்டு தேய்ப்பது. ‘ஷாப்லிஃப்டிங்’ கடையில் திருடுவது, மாடிக்குப் போகும் லிஃப்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காலை டிபனுக்கு ‘போச்டு எக்’ கேட்பவர் உடைத்து வெந்நீரில் வேகவைத்த முட்டையைத்தான் கேட்கிறார். முதுமலையில் ‘போச்சிங்’ என்றால் கள்ளத்தனமாக மிருகத்தை வேட்டையாடுவது, அதைத் தடுக்கத்தான் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் காட்டில் ரோந்து போகிறார்கள். இவற்றைப் புரிந்துகொண்டால் போதும். நீங்கள் பேசும்போதோ புகாரிலோ போட வேண்டாம்.

துண்டு போனால்

இனி எதிர்த்திசை. விருந்தினர் செக் அவுட் செய்கிறார், ரூமில் துண்டு ஒன்று குறைகிறது. சில சமயம் கம்பளியே குறையும். ‘யூ டுக் அவர் டவல்’ என்றால் அவர் ஊருக்குப் போய் என்ன எழுதுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நாசூக்கான வழி இருக்கிறது. ஆளை விட்டுவிட்டுப் பொருளை எழுவாய் ஆக்கிவிடுவது: ‘ஒன் ஆஃப் அவர் டவல்ஸ் மே ஹேவ் காட் இன்டு யுவர் பேக் பை மிஸ்டேக். வுட் யூ மைண்ட் செக்கிங்?’ துண்டே தவறுதலாக நடந்துபோய்ப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டதுபோல. அவரும் ‘ஓ, தி கிட்ஸ்!’ என்று பிள்ளைகள் மேல் போட்டுவிட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார். யாருக்கும் முகம் சிவக்காது.

திருட்டே இல்லாத திருட்டு

கமர்ஷியல் ரோடு கடையில் விலையைக் கேட்டுவிட்டு ‘இட்ஸ் எ ஸ்டீல்!’ என்று ஒருவர் சொன்னால் கோபப்படாதீர்கள், கொள்ளை மலிவு என்கிறார். தமிழிலும் அங்கே கொள்ளைதான் வருகிறது. தோடர் ஸ்டோலைப் பார்த்து அப்படிச் சொன்னால் மட்டும் விலையைத் திரும்பப் பார்க்க வேண்டும். நூலை எண்ணி எண்ணிக் கையால் போடும் தையல் அது, மலிவாக இருக்க நியாயமில்லை. ‘டேலைட் ராபரி’ என்றால் நேர் எதிர், பகல் கொள்ளை. சீசனில் டாக்ஸி வாடகை கேட்டவுடன் இது வரும். ‘திஸ் இஸ் தி ரேட் கார்ட், சார்’ என்று அட்டையை நீட்டிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். ரிசப்ஷன் டிவியில் கிரிக்கெட் ஓடும்போது ‘ஸ்டோல் எ சிங்கிள்’ என்றால் ஃபீல்டர் அசந்த நேரத்தில் ஒரு ரன் ஓடிவிட்டார்கள்.

பொருள் கிடைத்துவிட்டால்

ஜெர்கின் உள்பாக்கெட்டிலோ டாக்ஸியிலோ கிடைத்துவிட்டது. இப்போதும் சொல்லைப் பார்த்துத்தான் போட வேண்டும். ‘ரெகவர்டு’ என்றால் திருடனிடமிருந்து மீட்டது என்ற வாடை வரும், போலீஸ் பத்திரிகைக்குச் சொல்லும் சொல் அது. நீங்கள் ‘இட் ஹேஸ் டர்ன்டு அப்’ என்று போன் செய்யுங்கள், எங்கே கிடைத்தது என்பதையும் சொல்லுங்கள். புகார் கொடுத்திருந்தால் ஸ்டேஷனுக்கு விருந்தினரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். சி.இ.ஐ.ஆரில் முடக்கியிருந்த போன் தானாகத் திறந்துகொள்ளாது. முடக்கும்போது கொடுத்த கோரிக்கை எண்ணைப் போட்டு அதே தளத்தில் விடுவிக்க வேண்டும், அந்த எண்ணை அவர் தவறவிட்டாலும் கிடைக்கும்படி உங்கள் ரிஜிஸ்டரிலும் ஒரு ஓரத்தில் குறித்து வையுங்கள்.